பெருநாயும் சிறுமனமும்

கைவிட்ட செயலுக்கு நாணாமல், அதையே ஓர் அருட்செயலாகப் பறைசாற்றிக்கொள்ளும் வாய்ப்பு, ஒரே ஒரு வகைக் கைவிடலில்தான் நம்மவர்க்கு வாய்த்திருக்கின்றது. அது பெருநாயைக் கைவிடல். பெற்றோரை முதியோர் இல்லத்தில் விட்டவன், உறவினர் கேட்டால் பேச்சை மாற்றுகின்றான். சிறுநாயைத் தெருமுனையில் இறக்கிவிட்டவன், இருட்டிய பின்னரே அதைச் செய்கின்றான். பெருநாயை ஓராண்டு வளர்த்துக் கைகழுவியவனோ, “ஊர்ப்பக்கம் ஒரு தோப்பில் விட்டுவிட்டோம், அங்கே ஓடியாடி நன்றாக இருக்கும்” என்று பட்டப்பகலில் பலர் முன்னிலையில் சொல்கின்றான். கேட்பவரும் “நல்லது செய்தீர்கள்” என்று தலையசைக்கின்றனர். விட்டவனுக்கு நல்ல பெயர் கிடைத்தது; கேட்டவர்க்கு மனநிறைவு கிடைத்தது; நாய்க்கு என்ன கிடைத்தது?

அதைக் கேட்பதற்கே இதனை எழுதுகின்றோம்.

தோப்பில் நடப்பது என்ன?

நகரத்தான் எண்ணுவதுபோல் தோப்பு என்பது எல்லையில்லாப் பெருவெளி அன்று. அடுத்த நிலத்தில் ஆடு மேயும். அதற்கடுத்த நிலத்தில் கோழி மேயும். வீட்டுக்குள் வளர்ந்த பெருநாய், அவிழ்த்துவிட்ட முதல் நாளே ஓர் ஆட்டையேனும் துரத்தும். மறுநாள் ஊர்க்கூட்டம். மூன்றாம் நாள் நீரிறைப்புக் கொட்டகையின் தூணில் நான்கு முழச் சங்கிலி. அதன்பின் அந்நாய் தன் வாழ்நாள் முடியுமட்டும் அந்த நான்கு முழத்துக்குள்ளேயே உண்டு, அங்கேயே கழிந்து, அங்கேயே படுத்துக் கிடக்கும். அதற்குச் சோறு வைக்கும் காவற்காரர் அதை விரும்பிக் கேட்டவரல்லர். முதலாளி சொல்லுக்கு மறுமொழி பேச முடியாமல் ஏற்றவர். அவருக்கே இருவேளை உணவு உறுதியில்லை எனும்போது, நாள்தோறும் ஓர் ஆள் உணவு உண்ணும் விலங்கு அவர் தலையில் ஏற்றப்படுகின்றது. இதுதான் “ஓடியாடி நன்றாக இருக்கும்” என்பதன் பொருள்.

இது வெறும் இரக்கமின்மை மட்டுமன்று, குற்றமுமாகும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலும் விடாயாலும் துன்புறத்தக்க நிலையில் ஒரு விலங்கைத் தக்க கரணியமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கின்றது. மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம். எழுத்தில் எல்லாம் இருக்கின்றது. முதன்முறைக் குற்றத்துக்குத் தண்டம் எவ்வளவு தெரியுமா? 10 உருபாவுக்குக் குறையாமலும் 50 உருபாவுக்கு மேற்படாமலும்! பல்லாயிரம் உருபா கொடுத்து வாங்கிய நாயை விட்டெறிவதற்குத் தேநீர்க்கடைக் கணக்கில் தண்டம் வகுத்த சட்டம் எவனை அச்சுறுத்தும்? 1960-இல் 50 உருபாவுக்கு ஒரு மதிப்பிருந்தது. இன்று அச்சட்டம் குற்றவாளியைப் பார்த்துப் புன்னகை செய்கின்றது.

வாங்கியவன் எதை வாங்கினான்?

செயிண்டு பெர்னார்டு என்பது, ஆல்ப்சு மலையில் ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக் கணவாயில், பனியில் வழிதவறினோரைத் தேடுவதற்கெனத் துறவோர் மடத்தில் வளர்ந்த நாயினம். அசுகி என்பது, வடகிழக்குச் சைபீரியாவில் சுக்குச்சி மக்கள் பனிமேல் வண்டியிழுப்பதற்கு வளர்த்த இனத்தின் வழிவந்தது. கிரேட்டு டேன், பெயரில் டென்மார்க்கைச் சுமந்தாலும், காட்டுப்பன்றி வேட்டைக்கெனச் செருமானியர் உருவாக்கிய இனம். தோளளவே இரண்டரை அடி உயரம். இவற்றைக் கொண்டுவந்து, சித்திரை வெயிலில், மாடிக் குடியிருப்பின் இரும்புக் கம்பிக்குள் நிறுத்தி, வருவோர் போவோர்க்குக் காட்டிப் பெருமைப்படுகின்றான் ஒருவன்.

நாய்க்கு மாந்தனைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாவைத் தொங்கவிட்டு இரைத்தே வெப்பம் தணிக்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரங்களில் அந்த இரைப்பும் பயன் குன்றிப்போகும். பனிக்கென அமைந்த இரட்டை மயிரடுக்கோடு அவ்விலங்கு படும் பாட்டை, குளிரூட்டிய அறைக்குள் இருப்பவன் அறியமாட்டான். மின்கட்டணச் சீட்டு வரும்போதுதான் அவன் அறிவு விழிக்கின்றது.

வாங்கும்போது அது கைக்குள் அடங்கும் குட்டி. 8 கிழமை நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை நெறிமுறைகள் கூறுகின்றன; சந்தையிலோ “45 நாள் குட்டி” என்றுதான் இன்னும் விலை பேசுகின்றனர். தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடிக் கடியின் அளவைக் கற்கும் பருவத்திலேயே அதைப் பிரித்தெடுத்துவிடுகின்றனர். எட்டாம், பத்தாம் திங்களில் அது முப்பது நாற்பது கிலோ எடையுடைய விடலைப் பருவத்து விலங்காகின்றது. பெருநாய் முழு வளர்ச்சியடைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். உடல் பெருத்து அறிவு முதிராத அந்த இடைக்காலத்தில்தான் அது பாட்டியைத் தள்ளிவிடுகின்றது. விருந்தினர் மேல் தாவுகின்றது. காலணியையும் கதவையும் கடிக்கின்றது. பழக்காமல் விட்டவன் வீட்டார். பழி சுமப்பது நாய். அந்தப் பருவத்தில்தான் “தோப்பு” நினைவுக்கு வருகின்றது.

நம் இனமென்று வாங்கியவனும் விலக்கல்லன்

“அயல் இனத்தை வாங்கியவன் அடிமை மனத்தன், யாம் இராசபாளையம் வாங்கினோம், கோம்பை வாங்கினோம்” என்று மார்தட்டும் நம் அன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. நம் பக்கத்துக் குற்றத்தை மறைத்துப் பேசுவது அறமாகாது.

இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் பரந்த கரிசல் வெளியில் முயலையும் பன்றியையும் துரத்தியும், வயலையும் மனையையும் காத்தும் வளர்ந்த நாய்கள். கோம்பை, தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் காவலுக்கு நின்ற நாய். 2005-இல் இந்திய அஞ்சல்துறை இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2020 ஆகத்து மாதத்தில் இந்தியத் தலைமையமைச்சர் தம் வானொலி உரையில் இந்நான்கின் பெயரையும் எடுத்துச் சொன்னார். புகழ் வந்தால் விலை வரும். விலை வந்தால் விற்பவன் வருவான். விற்பவன் பெருகினால் கைவிடுபவனும் பெருகுவான். இராசபாளையத்தில் தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே உயர்வென்று தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதன் விளைவாக, பிறவிச் செவிடு அவ்வினத்தில் ஓர் அறியப்பட்ட குறையாகிவிட்டது. காது கேளாத குட்டி காவலுக்கு ஆகாதென்று தள்ளப்படுகின்றது. அதைத் தள்ளுபவனும் தமிழனே.

ஓடுவதற்கென்றே அமைந்த வேட்டைநாயை, மொட்டை மாடியில் நாள் முழுதும் கட்டிவைத்துவிட்டு, “நம் மண்ணின் நாய்” என்று முகப்பில் எழுதிவைப்பதால் என்ன பயன்? நாவில் தமிழ்ப்பெருமை, நாயின் கழுத்தில் இரும்பு! மண்ணின் மேல் பற்றுடையவன் முதலில் அம்மண்ணின் உயிரைப் பேணுவான். பேண முடியாதவன் வாங்காதிருப்பதே அவன் அவ்வினத்துக்குச் செய்யும் தொண்டு.

நடுகல் கண்ட நாடு

இந்நாட்டுக்கு நாயின் கடன் தெரியாதா? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கின்றது. முதலாம் மகேந்திரவருமனின் 34-ஆம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில் நட்ட கல் அது. பூசலில் பட்ட மறவன் ஒருவனின் உருவத்தோடு, அவன் நாயின் உருவத்தையும் அதில் செதுக்கியுள்ளனர். அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதைக் கல் சொல்கின்றது. பேரரசர் பலரின் பிறந்தநாள் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு சிற்றூரார் அதைக் கல்லில் எழுதிவைக்கும் அளவுக்கு நன்றியுடையராய் இருந்தனர்.

யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும் என்றும், நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலை ஆட்டும் என்றும் நட்புக்கு உவமை சொன்னது நாலடியார். பெரியோர் அதை நட்பின் உயர்வுக்குச் சொன்னார்கள். நம்மவரோ அதை எறிவதற்கு இசைவாக எடுத்துக்கொண்டார்கள் போலும்! தோப்பில் விட்டுத் திரும்பும் வண்டியின் பின்னால் ஓடிவரும் நாய், அந்த வேலை உடம்பில் தாங்கியே ஓடிவருகின்றது.

கடிபடுவது யார்?

“மக்களே பசித்திருக்க நாய்க்கென்ன எழுத்து?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடை இதோ.

2024 மே மாதத்தில், சென்னைப் பூங்கா ஒன்றில் வளர்ப்பு இராட்டுவைலர் நாய்கள் இரண்டு 5 அகவைச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. அச்சிறுமி யார்? அப்பூங்காவின் காவலாளி மகள். மதிலுக்குள் பழக்காமல் வளர்த்த நாயின் பல், மதிலுக்கு வெளியே வாழ்பவரின் பிள்ளை மேல்தான் பதிகின்றது. கைவிடப்பட்ட பெருநாய்க்கும் இதுவே பொருந்தும். பசியாலும் அச்சத்தாலும் மருண்டு தெருவில் திரியும் நாற்பது கிலோ விலங்கு, மகிழுந்தில் போகின்றவனைக் கடிக்காது. நடந்து பள்ளிக்குப் போகும் பெண்ணையும், விடியலில் தெருப்பெருக்கும் அம்மாவையுமே கடிக்கும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. எனவே பெருநாயைப் பேணுவது செல்வரின் விளையாட்டுச் செய்தியன்று. ஏழையின் பிள்ளையைக் காக்கும் செய்தி.

ஆட்சியாளர் என்ன செய்கின்றனர்? 2024 மார்ச்சு 12-இல் நடுவணரசு 23 நாயினங்களைக் கொடியவை என்று பட்டியலிட்டு, அவற்றின் விற்பனையைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு மடல் விடுத்தது. உரியவர்களைக் கலந்து கேளாமல் விடுத்ததென்று, அடுத்த மாதமே கருநாடக உயர்முறைமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2025 ஆகத்து 11-இல் தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்குமாறு உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. 22-ஆம் நாள் அவ்வாணை திருத்தப்பட்டது. அத்திருத்தத்தில் நாம் கருத்தூன்ற வேண்டிய ஒரு சொல் இருக்கின்றது. நாயை மனையேற்க விரும்புவோர் ஏற்கலாம்; ஆனால் ஏற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது அவர் பொறுப்பு என்பதே அது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் நுண்சில்லையும் கட்டாயமாக்கியது. இவையெல்லாம் நாயை எண்ணுகின்றன. நாயைப் பேணும் கையை உண்டாக்கவில்லை. அதை ஆணையால் உண்டாக்க முடியாது. நாம்தான் உண்டாக்க வேண்டும்.

செவிலிமை என்னும் தமிழ்நெறி

நாய்க்காப்பகங்கள் உள்ளனவே என்பர். உள்ளன; நிரம்பி வழிகின்றன. பெருநாய்க்குப் பெருங்கூடு வேண்டும். அதை நடத்திச் செல்ல வலுவுள்ள ஆள் வேண்டும். நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில், வீட்டுக்குள் வளர்ந்த ஒரு நாய் ஒன்று சுருண்டு மூலையில் ஒடுங்கும். அன்றேல் கம்பியைக் கடித்துப் பல்லுடைக்கும். அதைப் பார்க்க வருபவர் அதன் உண்மை இயல்பைக் காண்பதில்லை. அதன் அச்சத்தையே காண்கின்றனர். “இது முரட்டு நாய்” என்று திரும்பிப் போகின்றனர். இவ்வாறே திங்கள்கள் ஆண்டுகளாகின்றன.

இதற்கு மாற்று, ஒரு மனையார் அந்நாயைத் தம்மோடு சில திங்கள் வைத்திருந்து, நோய் தீர்த்து, பழக்கி, இயல்பறிந்து, தக்க மனை தேடிக் கொடுப்பது. இதை ஏதோ மேலைநாட்டுப் புதுமையென்று எண்ணற்க. பிறர் பெற்றதைத் தன் மகவென வளர்த்து, பிறிதொரு மனைக்குக் கொடுத்து நிற்பவளுக்குத் தமிழில் பெயருண்டு. செவிலி என்பது அது. அகப்பாட்டு முழுதும் அவள் நடமாடுகின்றாள். மகள் போன வழியில் தேடிச் செல்பவளும் அவளே. மணமனைக்குப் போய், மகள் வாழும் முறை கண்டு மீண்டு, நற்றாய்க்கு எடுத்துரைப்பவளும் அவளே. வளர்ப்பு, கொடுப்பு, சென்று காண்டல் என்னும் மூன்றும் சேர்ந்ததே செவிலிமை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கைமாற்றுதானே ஒழியச் செவிலிமை ஆகாது. நாயை இடைக்காலத்தில் பேணும் மனையைச் செவிலிமனை என்றும், நிலையாக ஏற்பதைத் தத்து என்னும் வடசொல்லை விட்டு மனையேற்பு என்றும் வழங்குவோம்.

செவிலிமனை செய்யும் பணி

பட்டினியால் எலும்புந்தோலுமாய் வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறிடுவது அன்பு போலத் தோன்றும். அது கொல்லவும் கூடும். நெடும்பட்டினி கிடந்த உடல் திடீர்ப் பேருணவைத் தாங்காது. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகப் பலமுறை இட்டு, நாளடைவில் உயர்த்த வேண்டும். நெஞ்சு ஆழ்ந்த பெருநாய்களுக்கு வயிறு வீங்கி முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்றுண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆதலால் ஒரே வேளையில் மலைபோல் கொட்டாமல் இருவேளையாகப் பிரித்திட்டு, உண்டவுடன் ஓடவிடாமல் இருத்தல் நன்று. வெங்காயம் நாயின் குருதிச் செவ்வணுக்களை அழிக்கும். எனவே குழம்பு ஊற்றிய மிச்சச் சோறு ஆகாது. வேகவைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெறுஞ் சிமிட்டித் தரையில் கிடந்தால் பெருநாயின் முழங்கை தன் எடையாலேயே காய்த்துப் புண்ணாகும். பழைய சாக்கும் மெத்தையும் போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். வழுக்கும் பளிங்குத் தரை அதன் இடுப்பு மூட்டுக்குப் பகை.

வந்த முதல் சில நாள்களில் நாய் தன் இயல்பைக் காட்டாது. உண்ணாமல் கிடக்கும், அன்றேல் வாயிலைப் பார்த்தபடி நிற்கும். அந்நாள்களில்தான் தப்பியோடும் இடரும் மிகுதி. இரட்டைத் தாழ் இடுக. வாரைக் கையிலிருந்து விடற்க. விருந்தினரை அழைத்துக் காட்டற்க. சில கிழமைகளில் வீட்டின் ஒழுங்கை அறியும். சில திங்கள் கழிந்தபின்னரே இது நம் இடமென்று நம்பும். இந்தப் பொறுமைதான் செவிலிமனையின் தலையாய கொடை. உறுமலுக்கு அடிக்கலாகாது, உறுமல் என்பது கடிக்குமுன் தரும் எச்சரிக்கை. அடித்து உறுமலை அடக்கிவிட்டால், அது எச்சரிக்காமலே கடிக்கக் கற்கும். எவ்வளவு நல்ல நாயாயினும் சிறு குழந்தையோடு தனியே விடலாகாது.

இன்னொன்று. தமிழ் வீட்டில் தமிழ்ச்சோறு உண்டு வளரும் நாயோடு நம்மவர் ஆங்கிலத்திலேயே பேசுவர். மக்களோடு பேசும்போது வாராத ஆங்கிலம் நாயைக் கண்டதும் வந்துவிடுகின்றது! அந்நாய் புதுமனைக்குப் போகும்போது அங்குள்ள பாட்டி “வா”, “உட்கார்” என்பாள், அது விழிக்கும். எனவே அது அறிந்த சொற்களையும் கைச்செய்கைகளையும் எழுதிக் கொடுங்கள். அஞ்ச வேண்டா, நாய் சில கிழமையில் தமிழ் கற்றுக்கொள்ளும். நம்மவர்க்குத்தான் காலம் மிகுதியாகின்றது.

பொய்யின்றிக் கொடுத்தல்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். கைவிடுபவன் சொல்லும் தோப்புப் பொய்யைக் கடிந்தோம். இரக்கமுடையார் சொல்லும் பொய் ஒன்றும் உளது. அது இன்னும் இடர் மிக்கது. எப்படியாவது ஒரு மனை கிடைத்தால் போதுமென்று, கடித்த நாயைக் கடிக்காதது என்பதும், பூனையைக் கொன்ற நாயை எல்லாரோடும் பழகும் என்பதும், பத்தாண்டு நாயை ஐந்தாண்டு என்பதும் நாள்தோறும் கைப்பேசிக் குழுக்களில் நடக்கின்றன. ஒளிப்படத்தில் தலைசாய்த்து நிற்கும் முகத்தைப் போட்டு, “இன்றிரவுக்குள் எவரும் ஏற்காவிடில் இது சாகும்” என்று எழுதினால், இளகிய மனத்தினர் எவரேனும் கண்ணீரோடு ஏற்பார். ஒரு திங்களில் அவர் குழந்தைக்குக் கடி. நாய்க்கு மறுபடியும் தெரு. அந்தக் கடிக்கு யார் பொறுப்பு? உண்மையை மறைத்தவரே பொறுப்பு. இரக்கம் பொய்க்கு உரிமச்சீட்டு ஆகாது.

ஆதலால் ஒவ்வொரு நாயோடும் ஒரு கைமாற்று ஓலை போகட்டும். பல்லைப் பார்த்து மருத்துவர் மதித்த அகவை, எடை, இட்ட தடுப்பூசிகளும் நாள்களும், கருத்தடை அறுவை செய்த சான்று, உண்ணிக்காய்ச்சல் முதலிய நோய்வரலாறு ஆகியன அதில் இருக்கட்டும். யாரைக் கண்டு உறுமியது, எப்போது பல் பதித்தது, இடிக்கும் வெடிக்கும் அஞ்சுமா, உணவுக்கலத்தை நெருங்கினால் என்ன செய்யும், ஆட்டையும் கோழியையும் துரத்துமா என்பனவும் ஒளிவின்றி இருக்கட்டும். இதைப் படித்து பத்துப் பேர் விலகினால் விலகட்டும். பதினோராமவர் அறிந்து ஏற்பார். அறிந்து ஏற்றவர் எளிதில் கைவிடமாட்டார்.

கருத்தடை செய்யாமல் பெண்நாயைக் கொடுக்கவே கூடாது. மனையேற்பவர்போல் வந்து, உயரினப் பெண்நாயைக் கொண்டுபோய், ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டியெடுத்து விற்று, உடல் தளர்ந்தபின் தெருவில் எறியும் கொள்ளையர் உளர். அவர்க்கு நாம் சரக்கு அனுப்புபவர் ஆகலாகாது. ஏற்பவர் வாடகை மனையில் இருப்பவரெனில் மனையுரிமையாளர் இசைவைக் கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும், குறிப்பாகச் சோறிடவும் துடைக்கவும் போகின்ற பெண்டிர், இசைந்தனரா என்று கேளுங்கள். “காவலுக்கு வேண்டும்” என்பவரிடம், பகலில் அது எங்கே இருக்கும் என்று கேளுங்கள். விடை சங்கிலியெனில் கொடாதீர்கள். ஒரு கிழமையிலும் ஒரு திங்களிலும் மூன்று திங்களிலும் செவிலிபோல் சென்று காணுங்கள். ஒத்துவாராவிடில் எங்களிடமே திருப்புங்கள் என்று ஓலையின் இறுதியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். திருப்பி ஏற்கத் துணியாதவர் கொடுக்கத் தகுதியற்றவர்.

“வளர்த்த நாயைப் பிரிய எங்களால் இயலாது, அதனால் செவிலிமனை ஆக மாட்டோம்” என்பவர் பலர். அவர் அன்பை நாம் இகழவில்லை. ஆனால் கேட்கின்றோம்: உங்கள் பிரிவுத்துயருக்கு அஞ்சி நீங்கள் கதவை மூடினால், அத்துயர் மறைந்துவிடுமா? அதைத் தெருவில் ஓர் உயிர் சுமக்கும். செவிலியும் அழுதாள், அழுதுகொண்டே வளர்த்தாள், அழுதுகொண்டே கொடுத்தாள். ஒரு நாயைக் கொடுத்த மனையில்தான் அடுத்த நாய்க்கு இடமுண்டாகின்றது. பத்து நாயைத் தானே வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் கைகொடுக்க இயலாமல் தவிப்பது பற்றேயன்றிப் பேணல் அன்று.

செய்யத்தக்கன

வாங்க எண்ணுவோரே! பத்தாண்டுச் சோறும், மருத்துவமும், நாளும் இருவேளை நடையும் உங்களால் தர இயலுமா என்று எண்ணுங்கள். இயலாதெனில் ஒளிப்படத்தோடு நின்றுவிடுங்கள். இயலுமெனில், விற்பவனிடம் போகுமுன் ஒரு காப்பகத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் வரவுக்கு ஒரு பெருநாய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றது.

வைத்திருந்து இயலாமற்போனோரே! நோய், இடமாற்றம், பொருள்முடை என்று மெய்யான இடர்ப்பாடு எவர்க்கும் வரலாம். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள், புதுமனை அமையுமட்டும் சோற்றுச் செலவையும் மருத்துவச் செலவையும் நீங்களே தாருங்கள். உண்மை சொல்லிக் கொடுப்பவன் கைவிட்டவன் ஆகான்.

அரசே! 50 உருபாத் தண்டத்தைக் கைவிடலுக்கு ஈடான தண்டமாக உயர்த்து. 2017-இன் நெறிமுறைகளைத் தாளில் வைத்துப் பூட்டாமல், பதிவில்லாமல் குட்டி விற்பவனைப் பிடி. நுண்சில்லில் பதிந்த பெயர் வாங்கியவனைத் தேடிப் போகட்டும்.

தமிழ்மனையீரே! தெருவுக்கு ஒரு செவிலிமனை வேண்டும் என்கின்றோம். பெரிய வளமனை வேண்டா. பூட்டத்தக்க ஒரு வாயிலும், நிழலும் நீரும், பொய் சொல்லாத ஒரு நாவும் போதும். முதல் மூன்றும் நம்மிற் பலரிடம் இருக்கின்றன. நான்காவதையும் கொண்டு இவ்வாண்டே தொடங்குவோம்.